பூவோடு நின்ற கண்டுகள்

புதுவருசம் பிறந்து நாலாம் நாள் பின்னேரம் 16 தக்காளிக் கண்டுகளை வேரோடு பிடுங்கினேன். அதில் 11 கண்டில் பூ இருந்தது. அம்மா குசினி வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பிடுங்கின கண்டுகளை வேலியோரம் குவித்துவிட்டுக் கைகழுவ வந்தபோதுதான் வாய் திறந்தா.

"பூவோட நிண்டதைப் பிடுங்கிப்போட்டாய் என்ன பிள்ளை?"

அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. நாலு மாதமாக சி.ஆர். கொப்பியில் எழுதி வைத்த கணக்கு என் கையில் இருந்தும், அதை எடுத்துப் படித்துக் காட்டுகிற நேரமாக அது இருக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வன்னியில் வீட்டு வளவுக்குள் தக்காளி வைக்கிற ஆக்கள் எத்தனையோ பேர் ஒவ்வொரு சித்திரையிலும் இதே இடத்தில்தான் நிற்கிறோம். கண்டு பச்சையாக நிற்கும், பூவும் இருக்கும், காய் மட்டும் பிடிக்காது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம்.

எங்கள் வளவு விசுவமட்டில், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளுக்கு ஒரு கிலோமீற்றர். அரை ஏக்கர். செம்மண்ணும் மணலும் கலந்த தரை, தண்ணீர் ஊற்றினால் பிடித்து வைத்திருக்காது. நான் முன்பள்ளி ஆசிரியை. 12 மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், பின்னேரம் முழுக்கத் தோட்டம்தான். முறையாகத் தோட்டம் வைக்கத் தொடங்கியது 2021இல். அந்த வருசம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். இவருடைய (என் கணவருடைய) வயலில் நெல்லு விளைச்சல் விழுந்தது. அடுத்த வருசம் கடையில் சாமான் விலை ஏற ஏற, மரக்கறியையாவது காசு கொடுத்து வாங்காமல் இருப்போம் என்று இன்னும் பாத்தி கட்டினோம். மிளகாய், கத்தரி, பயிற்றங்காய் எல்லாம் வைத்தாலும் என் மனம் நின்றது தக்காளியில்தான். கத்தரி நாம் கொஞ்சம் மறந்தாலும் காய்க்கும். தக்காளி அப்படி இல்லை. நேற்று என்ன செய்தாய் என்று இன்றைக்குக் கேட்கிற பயிர் அது.

இந்த முறை தொடக்கமே பிந்திப்போனது. ஐப்பசிக் கடைசியில் நாற்றுமேடை போட்டேன். விதை நன்றாகவே முளைத்தது. 2024 கார்த்திகைக் கடைசியில், அதாவது நவம்பர் கடைசியில், வந்த அந்தப் புயல் மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். வடக்கும் கிழக்கும் வெள்ளத்தில் கிடந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் நாற்றுமேடை இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. மழை விட்டுப் பார்த்தால் நாற்றுகள் தண்டின் அடியில் நூல்மாதிரி மெலிந்து படுத்திருந்தன. ஒன்றும் தேறவில்லை.

மார்கழி முதற்கிழமை திரும்பவும் போட்டேன். இம்முறை தரையில் போடவில்லை. பழைய மரப்பெட்டி இரண்டில் மணலும் மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து, திண்ணையோரம் தறப்பாளின் கீழ் வைத்தேன். மார்கழி முடிய 24 கண்டுகளை பாத்திக்கு மாற்றினேன். போன வருசத்தோடு ஒப்பிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் பிந்தல். அந்த ஒரு மாதம்தான் கடைசியில் என் கழுத்தைப் பிடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வைத்த இனம் திலின. எங்கள் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனம், விதையை எடுத்து வைத்தால் அடுத்த முறையும் அதே காய் வரும். முன்னொரு வருசம் சந்தையில் வாங்கின நல்ல உருண்டைப் பழத்தில் விதை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அது கலப்பினப் பழம். முளைத்தது 20 கண்டு, காய்த்தது நாலைந்து விதம்: ஒன்று நீளம், ஒன்று சப்பட்டை, இன்னொன்று கோலிக்குண்டு அளவு. ஒரு போகம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது விளங்கியது. கலப்பின விதை வாங்கி நடுவதில் பிழை ஒன்றும் இல்லை, நன்றாகவே காய்க்கும். ஆனால் விதை எடுத்து வைக்க நினைக்கிற ஆக்கள் இனம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

24இல் மூன்று கண்டு மாசியில் போனது. காலையில் பச்சையாக நின்ற கண்டு மத்தியானம் தலைசாய்த்தது. பின்னேரம் நிமிரும் என்று பார்த்தேன், நிமிரவில்லை. இலை மஞ்சளாகவும் இல்லை, புழுவும் இல்லை. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் முன்னொரு முறை காட்டித் தந்த சோதனையைச் செய்தேன். தண்டின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளையில் சுத்தமான தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி தொங்கவிட வேண்டும். ஐந்து நிமிடம் போக வெட்டுவாயில் இருந்து பால்மாதிரி ஒரு நூல் கீழே இறங்கியது. அது பற்றீரியா வாடல். அதற்கு மருந்து தேடிக் கடைக்கு ஓடுவதில் பிரயோசனம் இல்லை, கிருமி மண்ணில்தான் இருக்கிறது. மூன்றையும் சுற்று மண்ணோடு கிளப்பி எரித்தேன். அந்த மூலையில் இனிச் சில வருசத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வைக்கமாட்டேன். மூன்றும் ஒரே குடும்பம், அந்தக் கிருமி மூன்றையும் பிடிக்கும். சோளம் போடப்போகிறேன்.

அம்மாவுக்கு அந்தக் குவளையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. "எங்கட அப்பா காலத்திலயும் கண்டு இப்பிடிச் சரியும். கண்ணூறு எண்டு உப்பும் மிளகாயும் சுத்திப் போடுவம்" என்றா. பிறகு அவவே அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்த் தோட்டத்துக்குள் ஊற்றாமல் ஒழுங்கைக்கு அப்பால் ஊற்றிவிட்டு வந்தா.

மாசி நடுவில் இன்னொரு தொல்லை. முதற்குலைக் காய்களின் அடி கறுக்கத் தொடங்கியது. காம்புப் பக்கம் நல்ல பச்சை, அடிப்பக்கம் தோல்மாதிரி உள்வாங்கின கறுப்பு. பக்கத்து வளவு அக்கா, "தங்கச்சி, புழுவாக்கும். மருந்தடி" என்றா. புழு இல்லை. காய்க்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கல்சியம் இருந்தாலும் தண்ணீரோடுதான் அது காய்க்குப் போகும். தண்ணீர் ஒரு நாள் இல்லாமலும் மறுநாள் வெள்ளமாகவும் போனால் காயின் அடிநுனிக்குத்தான் முதலில் அது தட்டுப்பாடாகும். எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. அந்தக் கிழமை முன்பள்ளி விளையாட்டுப் போட்டி. இரண்டு நாள் நான் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள், விட்டதற்கெல்லாம் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினேன்.

முட்டைக்கோது போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள். போட்டால் குற்றம் இல்லை, ஆனால் அது மண்ணில் கரைந்து வேருக்குப் போக மாதக்கணக்கு ஆகும், அந்தக் குலையைக் காப்பாற்றாது. நான் செய்தது வைக்கோல் பரவியதுதான். கண்டின் அடியில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் போட்டு, ஒரு கண்டுக்கு மூன்று லீற்றர் வீதம் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஊற்றினேன். இரண்டாம் குலையில் ஒரு காய் கறுத்தது. மூன்றாம் குலையில் ஒன்றும் இல்லை.

குரங்கையும் மயிலையும் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. முல்லைத்தீவில் இருந்து இவர் வாங்கி வந்த பழைய மீன் வலையைச் சுற்றிக் கட்டினோம். மயில் உள்ளே வரவில்லை. குரங்கு இரண்டு முறை வந்தது. 19 காய். கொப்பியில் அதற்கென்று தனிப்பக்கம் இருக்கிறது.

பங்குனி நடுவில்தான் முதற்பழம். அந்தக் காலையில் மகன் ஒன்றைப் பிடுங்கிச் சேட்டில் துடைத்துவிட்டு அப்படியே கடித்தான். அடுத்த மூன்று கிழமை வீட்டில் தக்காளி இல்லாத சாப்பாடு இல்லை. சொதிக்குத் தக்காளி, ரசத்துக்குத் தக்காளி, நெத்தலிக் கருவாட்டோடு தக்காளி. முன்பள்ளிக்கு ஒரு கூடை கொண்டுபோனேன். பிள்ளைகள் ஆளுக்கொன்று கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், தின்னாமல், தாய்மாருக்குக் காட்டுவதற்கு.

அந்த மூன்று கிழமையில் சந்தையிலும் தக்காளி மலிந்து கிடந்தது. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் பழுத்தால் அப்படித்தான். தருமபுரச் சந்தையில் ஒரு அக்கா சாக்கை விரித்துக் குவித்து வைத்துக்கொண்டு, பின்னேரம் மிஞ்சியதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன். நான் விற்கப் போகவில்லை. விற்க வைத்த ஆக்களின் விலையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மிஞ்சியதை வீடு வீடாகக் கொடுத்தேன்.

பங்குனிக் கடைசியில் இரண்டு பின்னேரம் இடிமழை கொட்டியது. காய்ந்த நிலத்துக்கு மழை நல்லதென்று மனம் சந்தோசப்பட்டாலும் மறுநாட் காலை பழங்கள் காம்பைச் சுற்றி வளையமாக வெடித்திருந்தன. தண்ணீரை வேர் ஒரேயடியாக இழுக்க, தோல் அந்த வேகத்துக்கு விரியவில்லை. வெடித்ததெல்லாவற்றையும் அன்றைக்கே பிடுங்கிக் குழம்பு வைத்தோம். அடுத்த முறை வானம் கறுத்தால், நிறம் மாறத் தொடங்கினதை மழைக்கு முன்பே பிடுங்கி உள்ளே வைத்துவிடுவேன். நிறம் மாறத் தொடங்கின காய் வீட்டுக்குள்ளும் நன்றாகப் பழுக்கும்.

சரி, பூவுக்கு வருகிறேன்.

முன்பள்ளியில் கழித்து வைத்த ஒரு சுவர் வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்து, தோட்டத்துப் பக்கம் விறாந்தைத் தூணில் மாட்டியிருந்தேன். விடிய 5 மணிக்கு எழும்பினதும் பார்த்து எழுதுவேன். தை 20இல் 21 பாகை. மாசி நடுவில் 23. பங்குனிக் கடைசியில் 25. புதுவருசத்துக்கு முதல்நாள் 26. பகல் வெயிலைத்தான் நாங்கள் எல்லாரும் குறை சொல்கிறோம். பகல் 34, 35 பாகை தக்காளிக்கு நல்லதில்லைத்தான். ஆனால் காய் பிடிக்கிறதைக் கெடுப்பதில் இரவுச் சூட்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இரவு 24 பாகைக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் பழுதாகும். பூ பூக்கும், வடிவாகவே இருக்கும், இரண்டு மூன்று நாளில் காம்பின் நடுவில் உள்ள முட்டில் மஞ்சளாகி அந்த முட்டோடு கழன்று விழும். வைக்கோலின் மேல் விழுந்து கிடந்த பூக்களை நான் எண்ணினேன். ஒரு கண்டின் கீழ், ஒரு கிழமையில், 37.

என் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினால் ஏறத்தாழ எல்லாக் காயும் தைக் கடைசியில் இருந்து மாசிக் கடைசி வரைக்கும் பூத்த பூவில் பிடித்ததுதான். பங்குனி முதற்கிழமைக்குப் பிறகு பூத்ததில் பிடித்தது மொத்தம் ஆறு. அதாவது வன்னியில் தக்காளி காய் பிடிக்க எங்களுக்குக் கிடைக்கிற குளிர்ந்த இரவுகள் மார்கழி, தை, மாசி மூன்று மாதம்தான். நான் வெள்ளத்தோடு மார்கழியை இழந்துவிட்டேன். இந்த முறை மொத்த விளைச்சல் 31 கிலோ 400 கிராம். போன வருசம் அதே 24 கண்டில் 50 கிலோவுக்கு மேல். எருவிலோ இனத்திலோ வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அந்த மாதத்தில் இருந்தது.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு வேறுவிதமாகத் தெரியும். "புளியம்பொக்கணைப் பொங்கல் முடியத் தக்காளியில ஒண்டும் இல்லை" என்று தன் தகப்பன் சொல்வாராம். புளியம்பொக்கணைக் கோயிலில் நாகதம்பிரானுக்குப் பொங்கல் பங்குனி உத்தரத்தில். வெப்பமானி இல்லாமலே அந்த மனிசன் சரியான இடத்தில்தான் கோடு கீறியிருக்கிறார். அதைச் சொல்கிற அம்மாவேதான் பூவோடு நிற்பதைப் பிடுங்க விடமாட்டா.

பூத்ததில் இருந்து பழுக்க ஏறத்தாழ 45 நாள். சித்திரை நடுவில் பூக்கிற ஒரு பூ காய் பிடித்தாலும் வைகாசி முடியத்தான் பழுக்கும். அதற்குள் சோளகம், தென்மேற்குக் காற்று, எழும்பிவிடும். இலையில் ஈரம் நிற்காது. கிணற்றில் தையில் ஆறு அடியில் நின்ற தண்ணீர் இப்போது 17 அடியில். 16 கண்டுக்கு ஒரு நாளைக்கு 48 லீற்றர். அந்த 48 லீற்றரில் போன ஐப்பசியில் வைத்த தென்னம்பிள்ளை நாலுக்கு வாளி வாளியாக ஊற்றலாம். தென்னம்பிள்ளை முதலாம் வருசக் கோடையைத் தாண்டினால்தான் மரம்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு மனத்தை உறுத்துவது. போன வருசம் நான் பிடுங்கவில்லை. வைகாசி வரைக்கும் வைத்திருந்தேன். கடைசி இரண்டு மாதத்தில் கிடைத்தது இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனால் அந்தக் கண்டுகளின் இலைக்கடியில் வெள்ளை ஈ பெருகி, கையால் தட்டினால் சாம்பல் பறந்தமாதிரி எழும்பும். அவை சாறு குடிப்பதோடு விடுவதில்லை, இலைச்சுருள் வைரசையும் கொண்டு திரியும். வெயில் ஏற ஏறத் தோட்டத்தில் வேறு பச்சை இல்லாமல் போக, எல்லாம் பக்கத்து வளவு அக்காவின் மிளகாய்க்குப் போய்ச் சேர்ந்தன. 60 மிளகாய்க் கண்டு. தாலி அடைவில் வைத்துத் தண்ணி மிசின் வாங்கி வைத்த கண்டுகள். நுனி சுருண்டு, இலை படகுமாதிரி மடிந்து, பிஞ்சு பிடிக்காமல் நின்றன. அக்கா என்னைக் கோபிக்கவில்லை. "உன்ர கண்டில இருந்துதான் வந்தது எண்டு நான் சொல்லேல்ல தங்கச்சி" என்றா. அப்படி அவ சொன்ன பிறகு எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

இந்த முறை பங்குனியில் ஐந்து கண்டின் நுனி சுருண்டதைக் கண்ட அன்றே பிடுங்கினேன். வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து இலைக்கடியில் படும்படி மற்றவற்றுக்கு அடித்தேன். காயோடு இருந்த கண்டுகள் அவை. பிடுங்கும்போது அம்மா வீட்டுக்குள் போய்விட்டா.

அதுதான் 24இல் மூன்றும் ஐந்தும் போக 16. அந்த 16இல் ஐந்தை மட்டும் நான் தனியே சொல்ல வேண்டும். தாங்குதடி போதாமல் அந்த ஐந்துக்கும் வேலிச் சீமைக்கிளுவையில் பச்சைத் தடி வெட்டி ஊன்றியிருந்தேன். மாசியில் அந்தத் தடிகள் வேர்விட்டுத் துளிர்த்தன. பிடுங்கி மாற்ற நேரம் கிடைக்கவில்லை. பங்குனியில் ஒவ்வொரு தடியும் ஒரு குடை. அந்த நிழலில் நின்ற ஐந்திலும் ஒரு பழம்கூட வெயிலில் வெந்து வெள்ளைத் தழும்பு விழவில்லை. மற்றதில் மேற்குப் பக்கப் பழங்கள் பாதி வெந்தன. பூ உதிர்ந்தது எல்லாவற்றிலும் ஒன்றுதான், நிழல் இரவைக் குளிர்விக்காது. என்றாலும் பிடித்த காயைக் காப்பாற்ற அது போதும். வருகிற போகம் மேற்கு வரிசை முழுக்கப் பச்சைத் தடிதான் ஊன்றப்போகிறேன். தடி தின்கிற எருவையும் தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால் சரி.

பிடுங்குவதற்கு முன் எல்லாக் காயையும் பறித்தேன். ஆறு கிலோ பச்சைக்காய். எது பழுக்கும், எது பழுக்காது என்று பார்க்க ஒரே அளவில் உள்ளதில் ஒன்றை வெட்டிப் பார்த்தால் போதும். கத்தி விதையையும் சேர்த்து வெட்டினால் அது பிஞ்சு, எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது. விதையைச் சுற்றிக் கூழ் கட்டி, கத்தி பட விதை வழுக்கி விலகினால் அது முற்றல், பழுக்கும். பிஞ்சு இரண்டு கிலோவை அம்மாவிடம் கொடுத்தேன். பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுப் பால்கறி வைத்தா, கடைசியில் இரண்டு கறிவேப்பிலை. அந்தப் புளிப்புக்காகவே நான் கொஞ்சம் பிஞ்சாகப் பறிப்பேன்.

முற்றல் நாலு கிலோவை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியைக் கடதாசி விரித்த கூடையில் இரண்டு வாழைப்பழத்தோடு அடுப்படியில் வைத்தேன். மறு பாதியைக் கிணற்றடி மாமரத்துக்குக் கீழ், ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் வைத்து, வாயை ஈரச்சாக்கால் மூடினேன். பத்து நாள். அடுப்படியில் இருந்தது மஞ்சளும் செம்மஞ்சளுமாகத்தான் பழுத்தது. பானைக்குள் இருந்தது சிவப்பு. 30 பாகைக்கு மேல் போனால் தக்காளிக்குள் சிவப்பு நிறம் உண்டாகாது, மஞ்சள் மட்டும் உண்டாகும். சித்திரையில் கண்டில் பழுக்கிற பழமும் ஏன் செம்மஞ்சளாகவே நின்றுவிடுகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் நாலு வருசமாக அதைப் பசளைக் குறை என்று நினைத்துச் சாம்பல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் பச்சைக்காயை வைத்துவிடாதீர்கள், அந்தக் குளிரில் அது பழுக்கவும் மாட்டாது, ருசியும் போய்விடும்.

விதைக்கு ஏழாம் இலக்கக் கண்டு. மாசியிலேயே அதற்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். பெரிய பழம் அதில் இல்லை. மற்றதில் பூ உதிரத் தொடங்கிப் பத்து நாள் கழித்துத்தான் அதில் உதிர்ந்தது. பங்குனி முதற்கிழமைக்குப் பிறகு பூத்துப் பிடித்த ஆறு காயில் நாலு அதில்தான். இலையும் சுருளவில்லை. நல்லாய்ப் பழுத்த ஐந்து பழத்தைப் பிழிந்து, விதையைக் கூழோடு போத்தலில் போட்டு இரண்டு நாள் வைத்தேன். மேலே வெள்ளையாக ஆடை கட்டிப் புளித்த மணம் வரும், பயப்படத் தேவையில்லை. விதையைச் சுற்றியுள்ள கூழ் முளையைத் தடுப்பது, அது கழன்று போகத்தான் இந்தப் புளிப்பு. மூன்றாம் நாள் தண்ணீர் விட்டுக் கலக்கினால் பதர் மிதக்கும், நல்லது அடியில் தங்கும். அலசி, பீங்கான் கோப்பையில் பரவி நிழலில் காயவைத்தேன். கடதாசியில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழன்று வராது.

காய்ந்த பிறகு 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். ஆறாம் நாள் 17 முளைத்திருந்தது. மிச்சத்தைச் சாம்பலோடு சின்னப் போத்தலில் போட்டு, ‘திலின, 7, சித்திரை 2025’ என்று ஒட்டிச் சாமியறைத் தட்டில் வைத்திருக்கிறேன். பக்கத்து வளவு அக்காவுக்கும் ஒரு பங்கு கொடுத்தேன். வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டா. இந்த முறை அவவின் மிளகாய் இன்னும் நன்றாக நிற்கிறது.

அம்மாவோடு நான் கதைத்தது மூன்று நாள் கழித்து. விளக்கு வைத்த பிறகு, விறாந்தையில். 45 நாள் கணக்கு, கிணற்றுக் கணக்கு, வெள்ளை ஈ எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டா.

"நீ சொல்லுறது சரிதான் பிள்ளை. எனக்கும் தெரியும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தத் தையிலயும் இந்த வளவில தக்காளி நிண்டது. காயும் பூவுமா. நான் பிறகு வந்து தண்ணி ஊத்துவன் எண்டு நினைச்சுக்கொண்டுதான் படலையைச் சாத்தினனான்" என்றா.

2009 தை, சண்டைக்குள் இடம்பெயர்ந்த நேரம். எனக்கு அந்தத் தோட்டம் நினைவில்லை. படலைக்கு வெளியே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கட்டின சாமானும், அம்மா ஒரு முறை திரும்பி வந்து படலைக் கொளுக்கியைப் போட்டதும்தான் நினைவு. மீளக் குடியேற வந்தபோது படலையும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டோம்.

அதற்குப் பிறகு நான் கணக்குச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை குசினிக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற கானோரம் போனேன். வாழைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தக்காளிக் கண்டு, முழங்கால் உயரம். நான் வைக்கவில்லை. கழுவின தண்ணீரோடு போன விதை முளைத்திருக்க வேண்டும். காலை வெயில் மட்டும் படுகிற இடம். இரண்டு காய், பச்சையில் இருந்து மஞ்சளுக்கு மாறத் தொடங்கியிருந்தன. நுனியில் பூ. அடியில் வைக்கோல் பரவியிருந்தது, பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. யாரோ நாள்தோறும் அளந்து ஊற்றுகிறார்கள்.

இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை ஈ இல்லை. அம்மா பின்னால் வந்து நின்றா.

"அதைப் பிடுங்காத பிள்ளை. அது நாங்கள் வைச்சதில்ல, அதுவா வந்தது."

உள்ளே போய்ப் பழைய சேலைத் துணியில் ஒரு கீலம் கிழித்துக்கொண்டு வந்தேன். அம்மா தடியைப் பிடித்துக்கொள்ள, நான் கண்டைக் கட்டிவிட்டேன்.